ஒரே பக்கத்தோடு திரும்பும் வாசகர்: பவுன்ஸ் ரேட் திடீரென மாறுவது ஏன்?

ஓர் இணையத்தளத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வந்த பக்கத்தோடேயே திரும்பிவிட்டார்கள் என்பதைச் சதவீதமாகச் சொல்லும் அளவு பவுன்ஸ் ரேட். நூறு வருகைகளில் அறுபது ஒரே பக்கத்தோடு முடிந்தால் பவுன்ஸ் ரேட் 60 சதவீதம். கொழும்பிலிருந்து இயங்கும் தமிழ்ச் செய்தித்தளம், வெள்ளவத்தை காலி வீதியின் புடவைக்கடை, கொட்டாஞ்சேனையின் திருமண மண்டபம் என யார் இணையத்தளம் வைத்திருந்தாலும் இந்த எண் அவர்கள் கண்ணில் படும். மாதக்கணக்காக 55இல் நின்ற எண் ஒரு திங்கட்கிழமை காலை 80 ஆகவோ 4 ஆகவோ மாறி நிற்கும்போதுதான் சிக்கல். தளத்தை நடத்துபவர் வடிவமைப்பாளரைக் கேட்பார். வடிவமைப்பாளர் கட்டுரைகளின் தரத்தைக் காட்டுவார். இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மாறியது வாசகரின் போக்கா, அளக்கும் முறையா, வந்து சேர்ந்தவர்களின் கலவையா? திடீர் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பவை கடைசி இரண்டுமே.

அளவின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பயன் தரும். கூகுள் நிறுவனம் 2005இல் அர்ச்சின் என்ற அமெரிக்க நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளை அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில், இந்தியாவில் பிறந்த அவினாஷ் கௌஷிக் எழுதிய நூல்களும் உரைகளும் பவுன்ஸ் ரேட்டை உலகெங்கும் பரப்பின. அந்தக் காலத்து வரையறை எளிமையானது. ஒரு வருகையில், அதாவது ஓர் அமர்வில், தளத்திலிருந்து கூகுளின் கணினிக்கு ஒரேயொரு தகவல் மட்டும் போயிருந்தால் அது பவுன்ஸ். பக்கம் திறக்கும்போது ஒரு தகவல் போகும். அடுத்த பக்கம் திறந்தால் இன்னொன்று போகும். முப்பது நிமிடம் எந்தத் தகவலும் வராவிட்டால் அமர்வு முடிந்ததாகக் கொள்ளப்படும்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை பொதிந்திருந்தது. ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையும் நேரத்தை மட்டும் எழுதி, வெளியேறும் நேரத்தை எழுதாத பதிவேட்டைப் போன்றது அது. ஒருவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இரண்டு தகவல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஒரே பக்கத்தை எட்டு நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டுப் போனவருக்கு இரண்டாவது தகவல் கிடையாது. எனவே அவர் தங்கிய நேரம் பூச்சியம். அவர் ஒரு பவுன்ஸ். தலைப்பைப் பார்த்ததும் ஓடியவரும் அவரும் கணக்கில் ஒன்றே.

2020 ஒக்டோபரில் அறிமுகமான கூகுள் அனலிட்டிக்ஸ் 4, இந்த அளவை முதலில் கைவிட்டது. 2022 ஜூலையில் அது திரும்பி வந்தபோது பெயர் மட்டும்தான் பழையது. புதிய முறையில் முதலில் கணக்கிடப்படுவது ஈடுபாடு. அமர்வு 10 விநாடிக்கு மேல் நீடித்திருக்கவேண்டும், அல்லது இரண்டு பக்கங்கள் பார்க்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது தளத்துக்காரர் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயல் நடந்திருக்கவேண்டும். மூன்றில் ஒன்று நடந்தாலும் அது ஈடுபாடுள்ள அமர்வு. எதுவுமே நடக்காதது பவுன்ஸ். எட்டு நிமிடம் படித்த அதே வாசகர் இப்போது பவுன்ஸ் அல்ல.

பழைய முறை 2023 ஜூலை 1ஆம் திகதி பொதுப் பயன்பாட்டில் நிறுத்தப்பட்டது. நீண்ட கட்டுரைகளை வெளியிடும் தளங்களில் பவுன்ஸ் ரேட் அந்த மாற்றத்தோடு சரிந்ததற்கு வரையறை மாறியதே காரணம். வாசகர் எவரும் ஒரு நொடிகூட அதிகம் தங்கவில்லை. ஆனாலும் பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அறிக்கையின் எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டு முன்னேற்றம் காட்டும் விளக்கக்காட்சிகள் இன்றும் தயாராகின்றன. அந்த ஒப்பீடு தவறு. திருத்திப் பயன்படுத்தவும் வழியில்லை. மட்டோமோ போன்ற வேறு மென்பொருள்கள் ஒரே பக்கம் பார்த்தால் பவுன்ஸ் என்ற பழைய வழியையே பின்பற்றுவதால், மென்பொருள் மாறிய தளங்களிலும் இதே குழப்பம் உண்டு. 10 விநாடி என்ற எல்லையையும் அமைப்புகளில் 60 விநாடி வரை உயர்த்தலாம். யாரோ ஒருவர் அதை 10இலிருந்து 30 ஆக்கினால், அடுத்த நாளிலிருந்து எண் மேலே ஏறும்.

ஆகவே ஆய்வின் முதல் படி, மாற்றம் எந்த வடிவில் வந்தது என்று பார்ப்பது. நாள்வாரி வரைபடம் படிக்கட்டைப் போல ஒரே இடத்தில் உடைந்து, அதன் பிறகு புதிய உயரத்திலேயே நேராக ஓடினால், சந்தேகம் கருவியின் மீது விழவேண்டும். மனிதர்கள் ஒரே மணி நேரத்தில் ஒன்றுசேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. மணித்தியாலவாரியாகப் பார்த்தால் உடைந்த மணிநேரமே தெரியவரும். அந்த நேரத்தில் யார் எந்தக் கோப்பைப் பதிவேற்றினார் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல ஏறும் கோடு வேறு கதை. தேடலில் தளத்தின் இடம் மாறுவது, பக்கங்கள் கனத்துப்போவது, போட்டித் தளங்கள் வளர்வது போன்றவை அப்படித்தான் தெரியும். ஒரு நாள் மட்டும் குத்தி எழுந்து மறுநாள் அடங்கினால் அது ஒரு செய்தியாகவோ விளம்பரமாகவோ தானியங்கிகளின் வருகையாகவோ இருக்கும். அன்றைய நாளின் எண்ணை அன்றே நம்பவும் கூடாது. தரவு முழுமையாகப் பதியப்பட 24 முதல் 48 மணி நேரம் எடுக்கலாம் என்று கூகுளே சொல்கிறது.

படிக்கட்டு கீழ்நோக்கி இறங்கி எண் 2, 3 என்று நின்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. எந்த நல்ல தளத்திலும் இயல்பான பவுன்ஸ் ரேட் அவ்வளவு தாழாது. பெரும்பாலும் அளவிடும் டேக், அதாவது அனலிட்டிக்ஸுக்குத் தகவல் அனுப்பும் சிறு நிரல், ஒரே பக்கத்தில் இரண்டு தடவை இருக்கும். வேர்ட்பிரஸ் தளமொன்றில் இது எளிதாக நடக்கும்: தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் அமைப்பில் ஏற்கெனவே அனலிட்டிக்ஸ் கணக்கு எண் கொடுக்கப்பட்டிருக்கும், புதிதாக வந்தவர் பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்றை நிறுவி அதே எண்ணை அங்கும் கொடுத்துவிடுவார். ஒருவர் ஒரு பக்கம் திறந்தால் இரண்டு பக்கம் பார்த்ததாகப் பதிவாகும். இரண்டு பக்கம் என்றால் ஈடுபாடு. எனவே பவுன்ஸ் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். குரோம் உலாவியில் தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வேர்க் என்ற பகுதிக்குப் போய், வடிகட்டும் பெட்டியில் கலெக்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றவேண்டும். கூகுளுக்குப் போகும் தகவல்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் திறந்தால் அது எந்த நிகழ்வைச் சொல்கிறது, எந்தக் கணக்கு எண்ணுக்குப் போகிறது என்பது உள்ளே இருக்கும். ஒரே கணக்கு எண்ணுக்குப் பக்கம் பார்த்த நிகழ்வு இரண்டு தடவை போயிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கூகுளின் டேக் அசிஸ்டன்ட் கருவியும் இதையே இன்னும் தெளிவாகக் காட்டும்.

டேக் ஒன்றாகவே இருந்தும் இரட்டிப்பு நேர்வதுண்டு. ஒரு செய்தியைப் படித்து முடித்ததும் அடுத்த செய்தி தானாகவே கீழே ஏறிவரும் அமைப்பு இன்று பல செய்தித்தளங்களில் உள்ளது. அடுத்த செய்தி ஏறும்போது உலாவியின் முகவரிப் பட்டை மாறும்; அதை அனலிட்டிக்ஸ் புதிய பக்கமாக எண்ணும். விரலால் கீழே தள்ளியவர், எதையும் தெரிவு செய்யாமலே, இரண்டு பக்கம் பார்த்தவராகிவிடுவார். இந்த அமைப்பைப் பூட்டிய நாளில் பவுன்ஸ் ரேட் விழும். அந்த வீழ்ச்சியை வாசகரின் ஆர்வமாகக் கொள்ள முடியாது.

படிக்கட்டு மேல்நோக்கி ஏறினால் டேக் எங்கோ தொலைந்திருக்கலாம். தீமைப் புதுப்பித்தபோது முகப்பிலும் செய்திப் பக்கங்களிலும் டேக் தங்கி, பகுப்புப் பக்கங்களில் மட்டும் மறைந்துவிட்டால், வாசகர் எடுத்துவைக்கும் இரண்டாவது அடி பதிவாகாது. ஒரே கடைக்கு டொட் எல்கே முகவரியும் டொட் கொம் முகவரியும் இருந்து, இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் இருந்தாலும் இதே நிலை: ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனவர் புதிய ஆளாகக் கணக்கிடப்படுவார். பழைய முறையில், பணம் செலுத்த வங்கியின் பக்கத்துக்குப் போய்த் திரும்பியவரும் புதிய அமர்வாகி, நன்றி சொல்லும் ஒரே பக்கத்தோடு முடிந்து, பவுன்ஸாகப் பதிவானார். பொருள் வாங்கிய வாடிக்கையாளரே திரும்பிப் போனவராகக் காட்டப்பட்டார்.

நள்ளிரவும் ஒரு காரணமாக இருந்தது. பழைய அனலிட்டிக்ஸ், தளத்துக்குக் குறிக்கப்பட்ட நேர வலயத்தின்படி நள்ளிரவு ஆனதும் நடந்துகொண்டிருக்கும் அமர்வுகளை வெட்டிப் புதிதாகத் தொடங்கியது. மட்டோமோவின் இயல்பான அமைப்பு இன்றும் அப்படித்தான். உள்ளூர் வாசகரை மட்டும் கொண்ட தளத்துக்கு இது பொருட்டல்ல. நள்ளிரவில் படிப்பவர் குறைவு. ஆனால் கொழும்பில் நள்ளிரவு என்பது லண்டனில் குளிர்காலத்தில் மாலை 6.30, கோடையில் 7.30, டொரொன்டோவில் பிற்பகல் 1.30 அல்லது 2.30. புலம்பெயர்ந்த தமிழரை வாசகராகக் கொண்ட தளத்துக்கு அது ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம். வெட்டுப்பட்ட அமர்வின் பின்பாதியில் ஒரு பக்கமே மிஞ்சினால் அது பவுன்ஸ். நேர வலயத்தை மாற்றாமல் அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே விட்டுவிட்டால், அந்த வெட்டு கொழும்பின் மதிய உணவு வேளையில் விழும்.

கருவி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பார்க்கவேண்டியது கலவை. இதைப் புரிந்துகொள்ளாமல் பவுன்ஸ் ரேட்டைப் பற்றிப் பேசவே முடியாது. ஒரு செய்தித்தளத்துக்கு ஒரு வாரம் தேடல் வழியாக 6,000 அமர்வுகள், 40 சதவீத பவுன்ஸ். முகநூல் வழியாக 4,000 அமர்வுகள், 70 சதவீத பவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000இல் 5,200 பவுன்ஸ். அதாவது 52 சதவீதம். அடுத்த வாரம் ஒரு செய்தி முகநூலில் பரவுகிறது. தேடல் அதே 6,000. அதன் பவுன்ஸ் 38 ஆகக் குறைந்திருக்கிறது. முகநூல் 14,000, அதன் பவுன்ஸும் 68 ஆகக் குறைந்திருக்கிறது. மொத்தம் 20,000இல் 11,800 பவுன்ஸ். அதாவது 59 சதவீதம். இரண்டு வழிகளிலும் நிலைமை மேம்பட்டிருக்க, மொத்த எண் ஏழு புள்ளி மோசமாகியிருக்கிறது. புள்ளியியலில் சிம்சன் முரண் என்று அறியப்படுவது இதுதான். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர், நன்றாக வேலை செய்த வாரத்தில் தன் ஆசிரியர் குழுவைக் கண்டிப்பார்.

இலங்கைத் தளங்களுக்கு இந்தக் கலவை ஒரே இரவில் தலைகீழாக மாறிய நாட்கள் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனையில் உள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திலும் நாட்டின் பிற தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அன்றே முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், யூடியூப், வைபர் உள்ளிட்டவை நாடு முழுவதும் தடுக்கப்பட்டன; தடை ஏப்ரல் 30 வரை நீடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், கண்டி மாவட்ட வன்முறையின்போது, ஏறத்தாழ ஒரு வாரம் இதேபோன்ற தடை இருந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு வேளையில் விதிக்கப்பட்ட தடை அன்று பிற்பகலே நீக்கப்பட்டது.

இத்தகைய தடை அளவீட்டில் என்ன செய்யும் என்பதை மேலே சொன்ன எண்களைக் கொண்டே கணிக்கலாம். முதல் வாரத்தின் முகநூல் வருகை முழுவதும் நின்றுபோனால் மிஞ்சுவது தேடல் மட்டும். 52 ஆக இருந்த பவுன்ஸ் ரேட் எவர் பழக்கமும் மாறாமலே 40 ஆகிவிடும். தடை நீங்கியதும் பழைய எண் திரும்பும். உண்மையில் இன்னும் இரண்டு விளைவுகள் சேரும். பெரும் செய்தி நாட்களில் மக்கள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்ப்பார்கள்; ஒவ்வொரு புதுப்பிப்பும் இன்னொரு பக்கப் பார்வையாகப் பதிவாகி பவுன்ஸைக் குறைக்கும். அடுத்தது விபிஎன். தடையைத் தாண்ட விபிஎன் பயன்படுத்துபவர் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்தே படித்தாலும், அவருடைய இணைய முகவரி சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருப்பதாகத் தெரியும். இலங்கை என்று வடிகட்டிப் பார்த்தால் வாசகர் மறைந்துபோனதாகவும், வெளிநாட்டு வாசகர் பெருகியதாகவும் அறிக்கை சொல்லும். 2019இன் ஏப்ரலை வேறோர் ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிடும் எவரும் அந்தப் பத்து நாட்களைத் தனியே பிரித்து வைக்கவேண்டும்.

சாதாரண நாட்களிலும் இலங்கையின் இணையப் பழக்கம் கலவையைப் பாதிக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி வருபவர் பெரும்பாலும் நேரடி வருகை என்ற தலைப்பின் கீழ் சேர்க்கப்படுவார்; முகவரியைத் தட்டச்சு செய்து வரும் பழைய வாசகரும் அதே தலைப்பில்தான் இருப்பார். இருவரின் பவுன்ஸும் வேறு வேறு. எனவே நேரடி வருகையின் எண் குதித்தால், எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினார்கள் என்று பார்க்கவேண்டும். முகப்புக்கு வந்தவர் பழகிய வாசகர். நீண்ட முகவரியுள்ள உட்பக்கத்தில் வந்து விழுந்தவர், எங்கோ பகிரப்பட்ட இணைப்பைத் தொட்டவர். முகநூலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ மட்டும் செல்லுபடியாகும் டேட்டா பக்கேஜ் வைத்திருப்பவர் வெளித் தளத்தின் இணைப்பைத் தொட்டால், அதற்கு வேறு டேட்டா வேண்டும். தலைப்பைப் பார்த்ததும் திரும்பிவிடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

மனிதரல்லாத வருகைகள் அடுத்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் செமால்ட் போன்ற பெயர்களில் வந்த போலி வருகைகள் சிறிய தளங்களின் அறிக்கைகளை நிரப்பின. அவற்றில் ஒரு வகை, தளத்தைத் திறக்காமலே கூகுளின் கணினிக்கு நேரடியாகப் பொய்த் தகவலை அனுப்பியது. அறியப்பட்ட தானியங்கிகளை அனலிட்டிக்ஸ் 4 தானே நீக்குகிறது. அறியப்படாதவை வந்துகொண்டேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் அஷ்பர்ன் போன்ற தரவு மையங்கள் நிறைந்த ஊர்களிலிருந்து, பூச்சிய விநாடி தங்கும் அமர்வுகள் திடீரென்று நூற்றுக்கணக்கில் தோன்றினால் ஐயமே வேண்டாம். தமிழ்த் தளங்களுக்குச் சிங்கப்பூர்தான் கடினமான இடம். அங்கே உண்மையான தமிழ் வாசகர்கள் இருக்கிறார்கள். பெரும் தரவு மையங்கள் இருக்கின்றன. இலங்கையர் பயன்படுத்தும் விபிஎன்களின் வாசலும் அங்கே உண்டு. ஊரின் பெயர் மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. நாளின் 24 மணி நேரமும் சீராக வருபவை தானியங்கிகள். இரவில் ஓய்ந்து காலையில் எழுபவை மனிதர்கள்.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பின், பாரிஸ், லண்டன் வாசகர்களுக்குக் குக்கி அனுமதி கேட்கும் பலகை காட்டப்படுகிறது. அதை அழுத்தும் வரை அளவிடாத தளத்தில், எரிச்சலோடு உடனே மூடுபவர் கணக்கிலேயே வருவதில்லை. இருக்க விரும்புபவரே அனுமதி கொடுப்பார். ஆகவே பலகையைப் பொருத்திய நாளில் வருகையும் பவுன்ஸும் சேர்ந்தே குறையும். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் பலகையையே முதலில் பார்க்கவேண்டும்.

சிறிய தளங்கள் இன்னொன்றை நினைவில் வைப்பது நல்லது. வாரம் 40 பேர் வரும் திருமண மண்டபத்தின் தளத்தில் பவுன்ஸ் ரேட் 60 என்றால், தற்செயலாலேயே அது 45க்கும் 75க்கும் இடையில் ஆடும். வாரம் 4,000 பேர் வரும் தளத்தில் அதே 60, ஒன்றரைப் புள்ளிக்கு மேல் தற்செயலால் நகர்வது அரிது. பிழையின் அளவு வருகைகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்துச் சுருங்குவதால் இப்படி. 40 பேரின் எண் 58இலிருந்து 67 ஆனதற்குக் காரணம் தேடிக் கூட்டம் போடுவது வீண் உழைப்பு; மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பதே அங்கே சரியான வழி.

இவ்வளவையும் கழித்த பின் மிஞ்சுவதுதான் வாசகரின் உண்மையான மாற்றம். அதில் முதல் காரணம் வேகம். கைபேசியில் பக்கம் ஏற எடுக்கும் நேரம் 1 விநாடியிலிருந்து 3 விநாடியாகும்போது திரும்பிப்போகும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுகிறது, 5 விநாடியானால் 90 சதவீதம் கூடுகிறது என்று கூகுள் 2017இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. புதிதாகச் சேர்த்த ஒரு விளம்பரப் பட்டையோ, சுருக்காமல் ஏற்றிய ஒரு புகைப்படமோ அந்த இரண்டு விநாடியைக் கூட்டப் போதும். கொழும்பில் ஃபைபர் இணைப்புள்ள அலுவலகக் கணினியில் சோதிப்பவருக்கு அது தெரியாது. காலி வீதியில் பஸ்ஸில் நின்றபடி கைபேசியில் பார்ப்பவருக்குத் தெரியும். மின்சாரமும் இதில் சேரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோதும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டபோதும், வீட்டு ரவுட்டர்கள் அணைந்தன. எல்லோரும் கைபேசி டேட்டாவுக்கு மாறுவதால் அந்த வலையமைப்பில் நெரிசல். இத்தகைய நாட்களைக் கருவி வகையால் பிரித்துப் பார்த்தால் கணினியின் பங்கு வற்றியிருக்கும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய கோளாறுகளும் உண்டு. தளத்தை ஒரு சேவரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் தவறினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகும். அது பழைய பக்கங்களில் மட்டும் நேர்ந்தால் முகப்பைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. தமிழ் முகவரிகள் இன்னொரு தொல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் இணைய முகவரியில் ஒன்பது எழுத்துக்குறிகளாக விரியும். வெள்ளவத்தை என்ற ஒரு சொல்லில் பத்துக் குறியீடுகள். முகவரியில் அது 90 இடத்தைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ், பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கும் மொத்த இடம் 200. இரண்டு மூன்று சொற்களிலேயே அது தீர்ந்து, மீதித் தலைப்பு வெட்டப்படும். இப்படி நீண்டு கிடக்கும் சதவீதக் குறிகளின் வரிசையைப் பகிரும்போது ஒரு துண்டு விடுபட்டாலும், அழுத்தியவர் போய்ச் சேருவது பக்கம் இல்லை என்று சொல்லும் 404 பக்கம். வந்திறங்கும் பக்கங்களின் பட்டியலில் 404 பக்கம் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைப்பது இதற்கு எளிய தீர்வு.

எல்லா உயர்வும் நோயல்ல. ஈழத்தமிழர் நடத்தும் மரண அறிவித்தல் தளங்களை எடுத்துக்கொண்டால், ஸ்காபரோவில் இருக்கும் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பைத் திறந்து, பெயரையும் ஊரையும் கிரியை நேரத்தையும் பார்த்துவிட்டு மூடுவார். அவர் தேடி வந்தது அதுவே. ஜூன் 13ஆம் திகதி புனித அந்தோனியார் திருவிழாத் திருப்பலி நேரம் பார்ப்பவரும், ஆடிவேல் ரதம் எந்த வீதியால் வருகிறது என்று பார்ப்பவரும், பரீட்சைப் பெறுபேறு வெளியான அறிவித்தலைத் திறப்பவரும் அப்படியே. பத்து விநாடிக்குள் விடை கொடுத்த பக்கம் தன் கடமையைச் செய்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் பவுன்ஸைக் குறைப்பதற்காக விடையை இரண்டு பக்கமாக உடைப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

எண்ணிம நூலகங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. இப்படியான அமைப்புள்ள தளத்தில், கூகுள் தேடலில் இருந்து ஒரு நூலின் பக்கத்துக்கு நேராக வந்து, கோப்பைத் தரவிறக்கிக்கொண்டு போகும் மாணவரே மிக நல்ல வாசகர். பழைய அனலிட்டிக்ஸில் தரவிறக்கம் தானாகப் பதிவாகவில்லை, அவர் பவுன்ஸ். புதியதில் தரவிறக்கம் தானாகவே நிகழ்வாகப் பதிவாகிறது. ஆனால் பத்து விநாடிக்குள் முடித்துவிட்டால் அவர் இன்னும் பவுன்ஸ்தான், அந்த நிகழ்வை முக்கியமானது என்று தளத்தினர் குறித்து வைக்காத வரை. குறித்துவைப்பது சில நிமிட வேலை. குறித்த நாளில் எண் இறங்கும் என்பதையும் உடன் எழுதி வைக்கவேண்டும்.

எழுதி வைப்பது ஒரு நல்ல பழக்கம். தீம் புதுப்பித்த நாள், பிளகின் சேர்த்த நாள், விளம்பரம் ஓடிய நாட்கள், மின்வெட்டு, தடை, பெறுபேறு வெளியான நாள் என்பவை திகதியோடு ஒரு கொப்பியில் இருந்தால் இங்கே சொன்ன ஆய்வில் பாதி தேவைப்படாது. இணையத்தளம் வைத்திருப்பவர் இன்றே செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. அனலிட்டிக்ஸ் 4இல் விரிவான ஆய்வுக்கான தரவு, அமைப்பை மாற்றாவிட்டால், 2 மாதம் மட்டுமே வைத்திருக்கப்படும். இலவசக் கணக்கிலேயே அதை 14 மாதமாக்கலாம். மாற்றுவதற்கு முன் அழிந்துபோன தரவு திரும்பக் கிடைக்காது.